வீட்டுக் கடன்: ஏஜென்ட் மூலமா, நேரடியாக வங்கியிலா?

வீடு பார்க்கிறோம் என்ற விஷயம் சொந்தக்காரர்களுக்குத் தெரிகிறதோ இல்லையோ, லோன் ஏஜென்ட்டுக்குத் தெரிந்துவிடுகிறது. பில்டரின் அலுவலகத்தில் ஒரு விசிட்டிங் கார்டு, வீட்டு புரோக்கரின் கையில் ஒரு போன் நம்பர், அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் ஒரு விளம்பரம். 'நீங்க பேங்க்குக்கு அலையவே வேண்டாம் சார், எல்லாத்தையும் நாங்க பார்த்துக்கறோம். உங்ககிட்ட ஒரு பைசா வாங்க மாட்டோம்' என்கிறார்கள்.

அதே நேரம் வீட்டில் பெரியவர்கள் வேறு மாதிரி சொல்வார்கள். 'நடுவுல ஆள் எதுக்கு? நம்ம கணக்கு இருக்கிற பேங்க்லயே போய்க் கேளு.'

இரண்டு பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனால், 20 வருடம் கட்டப்போகும் கடனை யார் சொன்னார்கள் என்பதை வைத்து முடிவு செய்ய முடியாது. ஏஜென்ட் யார், அவருக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது, எந்த இடத்தில் அவர் உதவுவார், எந்த இடத்தில் நாம் உஷாராக இருக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டால் முடிவெடுப்பது சுலபம்.

யாருடைய ஆள் இவர்?

வங்கி வட்டாரத்தில் இவர்களுக்கு 'டைரக்ட் செல்லிங் ஏஜென்ட்' என்று பெயர். சுருக்கமாக டி.எஸ்.ஏ. வங்கிகளும், ஹவுசிங் ஃபைனான்ஸ் நிறுவனங்களும் இவர்களோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்கின்றன. வாடிக்கையாளரைப் பிடித்து, பேப்பர்களை வாங்கி, விண்ணப்பத்தை உள்ளே கொண்டுபோய்ச் சேர்ப்பது இவர்கள் வேலை. கடன் தொகை கைக்கு வந்ததும், அந்தத் தொகையில் ஒரு சிறு பங்கை கமிஷனாக வங்கி கொடுக்கும். அதனால்தான் உங்களிடம் பணம் கேட்பதில்லை.

இதில் கவனிக்க வேண்டியது மூன்று. கடன் கிடைத்தால்தான் அவருக்கு கமிஷன். கடன் தொகை பெரிதானால் கமிஷனும் பெரிது. ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விகிதத்தில் கமிஷன் தருகிறது. ஆக, உங்களுக்கு எது மலிவோ அதுதான் அவருக்கும் லாபம் என்று சொல்லிவிட முடியாது. இதற்காக ஏஜென்ட் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று அர்த்தமில்லை. தொழிலை நேர்மையாகச் செய்பவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். ஆனால், அவர் யாருக்காக வேலை பார்க்கிறார் என்ற தெளிவு நமக்கு வேண்டும்.

வெளிநாட்டு நடைமுறையோடு ஒப்பிட்டால் இது இன்னும் புரியும். ஆஸ்திரேலியாவில் வீட்டுக் கடன் புரோக்கர், வாடிக்கையாளரின் நலனுக்கே முதலிடம் தர வேண்டும் என்ற சட்டக் கடமை 2021 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. சிட்னியில் இருக்கும் உறவினர் 'நாங்க புரோக்கர்கிட்ட விட்டுட்டோம்' என்று நிம்மதியாகச் சொன்னால், அந்த நிம்மதிக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. நம் ஊர் டி.எஸ்.ஏ ஒப்பந்தம் போட்டிருப்பது வங்கியோடு. உங்களோடு அல்ல.

ஏஜென்ட் எங்கே உதவுவார்?

முதல் உதவி அலைச்சல் மிச்சம். வீட்டுக் கடனுக்குக் கேட்கும் பேப்பர்கள் கொஞ்சநஞ்சமில்லை. சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு அறிக்கை, ஐ.டி ரிட்டர்ன், விற்பனை ஒப்பந்தம், தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, கட்டட அனுமதி வரைபடம் என்று பட்டியல் நீளும். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் பகல் நேரத்தில் பேங்க்குக்கு நான்கு முறை போய்வருவது லேசான காரியமில்லை. ஏஜென்ட் வீட்டுக்கே வந்து வாங்கிக்கொள்வார். எந்தப் பேப்பர் குறைகிறது என்று முதலிலேயே சொல்லிவிடுவார்.

இரண்டாவது, எந்தக் கதவைத் தட்டினால் திறக்கும் என்பது அவருக்குத் தெரியும். மாதச் சம்பளக்காரருக்கு எல்லா வங்கியும் கடன் கொடுக்க முன்வரும். மளிகைக் கடை வைத்திருப்பவர், டெய்லர், சொந்தமாக வண்டி ஓட்டுபவர் நிலைமை வேறு. வருமானம் இருக்கும், அதைக் காட்டும் பேப்பர் குறைவாக இருக்கும். எந்த நிறுவனம் கடையின் வரவுசெலவைப் பார்த்துக் கடன் தருகிறது, எது பஞ்சாயத்து எல்லையில் இருக்கும் வீட்டை ஏற்றுக்கொள்கிறது என்பதெல்லாம் அனுபவமுள்ள ஏஜென்ட்டுக்கு விரல் நுனியில் இருக்கும்.

மூன்றாவது, ஃபைல் எந்த மேஜையில் நிற்கிறது என்று விசாரித்து நகர்த்துவார். விற்பனை ஒப்பந்தத்தில் மூன்று மாத கெடு போட்டு அட்வான்ஸ் கொடுத்தவருக்கு, ஒரு வாரம் கூடப் பெரிய விஷயம்.

நேரடியாகப் போனால் என்ன லாபம்?

உங்கள் சம்பளம் வரும் வங்கிக்கு உங்கள் வரவுசெலவு ஏற்கெனவே தெரியும். பேப்பர் வேலை குறையும். வட்டி, பிராசஸிங் ஃபீஸ் இரண்டிலும் பேரம் பேச வாய்ப்பு உண்டு. பண்டிகைக் காலங்களில் பிராசஸிங் ஃபீஸைக் குறைக்கும் வங்கிகள் இருக்கின்றன. சில வங்கிகள் பெண்கள் பெயரில் கடன் வாங்கினால் வட்டியில் சிறு சலுகை தருகின்றன. இதையெல்லாம் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

உங்கள் ஆதார், பான், சம்பள விவரங்கள் எல்லாம் எத்தனை பேர் கைக்குப் போகிறது என்ற கவலையும் குறைவு.

ஆனால், வங்கிக்குள் உட்கார்ந்திருப்பவருக்கும் டார்கெட் உண்டு. அவர் தன் வங்கியின் கடனை மட்டும்தான் சொல்வார். பக்கத்துத் தெரு வங்கியில் கால் சதவிகிதம் குறைவு என்று சொல்லவே மாட்டார். நேரடியாகப் போகிறவர் குறைந்தது இரண்டு, மூன்று வங்கிகளில் விசாரிக்க வேண்டும் என்பது அதனால்தான்.

இங்கே ஒரு சந்தேகம் வரும். ஏஜென்ட் மூலம் போனால் வட்டி கூடுமா? ஒரே வங்கியில், ஒரே சிபில் ஸ்கோருக்கு, பொதுவாக வட்டி ஒன்றுதான். வட்டியை முடிவு செய்வது வங்கி. வித்தியாசம் வருவது, ஏஜென்ட் உங்களை எந்த நிறுவனத்துக்கு அழைத்துப் போகிறார் என்பதில்தான்.

கால் சதவிகிதத்தின் விலை

மதுரையில் 50 லட்ச ரூபாய்க்கு ஒரு பழைய தனி வீடு வாங்கும் குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு, வீட்டு மதிப்பில் 80% வரைதான் தரலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. எனவே அதிகபட்சம் 40 லட்சம். மீதி 10 லட்சம் கையிலிருந்து. பத்திரச் செலவு தனி. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. ஐம்பது லட்சத்துக்கு 4.5 லட்சம். இதைக் கடன் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். கையில் 14.5 லட்சம் இருக்க வேண்டும் என்பதை அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே கணக்குப் போட்டுவிட வேண்டும்.

இப்போது வட்டி. 40 லட்சம், 20 வருடம், வட்டி 8% என்றால் மாதத் தவணை சுமார் 33,458 ரூபாய். அதுவே 8.25% என்றால் 34,083 ரூபாய். மாதம் 625 ரூபாய்தான் வித்தியாசம். 'ஒரு ஹோட்டல் பில்' என்று விட்டுவிடத் தோன்றும். 240 மாதத்துக்கு அது ஒன்றரை லட்சம் ரூபாய்!

அரை சதவிகிதம் கூடி 8.5% ஆனால் தவணை 34,713 ரூபாய். 20 வருடத்தில் மூன்று லட்சத்துக்கு மேல் கூடுதல். 'அலைச்சல் மிச்சம்' என்பதற்கு நாம் கொடுக்கும் விலை இவ்வளவாகவும் இருக்கலாம் என்று தெரிந்து முடிவெடுப்பது நல்லது.

வங்கியா, ஹவுசிங் ஃபைனான்ஸா?

ஏஜென்ட் பெயர் சொல்லும் நிறுவனம் வங்கியா, ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனியா என்பதை முதல் நாளே கேட்டுவிடுங்கள். 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் தரும் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் எல்லாம் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைக்கப்பட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது வட்டியைத் திருத்த வேண்டும். 2025 தொடக்கத்தில் 6.50 சதவிகிதமாக இருந்த ரெப்போ, பிப்ரவரியில் 6.25, ஏப்ரலில் 6, ஜூனில் 5.50 என இறங்கியது. ரெப்போவோடு இணைந்த கடன் வைத்திருந்தவர்களுக்கு வட்டியும் அதற்கேற்ப இறங்கியது.

ஹவுசிங் ஃபைனான்ஸ் நிறுவனங்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. தங்களுடைய சொந்த அடிப்படை வட்டியை வைத்து அவை கணக்கிடுகின்றன. ரெப்போ குறைந்தாலும் அங்கே வட்டி குறைய நாளாகலாம். அதேசமயம் வங்கிகள் கைவிரிக்கும் சிறு வியாபாரிகளுக்குக் கடன் தர முன்வருவதும் பெரும்பாலும் இந்த நிறுவனங்கள்தான். வேறு வழியில்லாமல் அங்கே போவது வேறு, வங்கியிலேயே கிடைக்கும் தகுதி இருந்தும் தெரியாமல் போவது வேறு.

எங்கெல்லாம் உஷார்?

பல இடத்தில் 'லாகின்': விண்ணப்பத்தை வங்கிக்குள் பதிவு செய்வதை ஏஜென்ட்கள் 'லாகின்' என்பார்கள். 'நாலு பேங்க்ல போட்டு வைப்போம், எது வருதோ பார்ப்போம்' என்றால் சம்மதிக்காதீர்கள். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் அந்த வங்கி உங்கள் கடன் வரலாற்றை எடுத்துப் பார்க்கும். அது அறிக்கையில் பதிவாகும். குறுகிய காலத்தில் இப்படிப் பல பதிவுகள் சேர்ந்தால் ஸ்கோர் இறங்கும். உங்கள் அறிக்கையை நீங்களே பார்த்தால் ஸ்கோர் குறையாது. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். ஏஜென்ட்டைப் பார்ப்பதற்கு முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

கடனோடு வரும் இன்ஷூரன்ஸ்: கடன் வாங்கியவருக்கு ஏதாவது ஆனால் குடும்பத்தின் தலையில் கடன் விழக் கூடாது. அதற்குக் காப்பீடு தேவைதான். ஆனால், கடன் தரும் நிறுவனம் காட்டும் பாலிசியைத்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மொத்த பிரீமியத்தையும் கடனிலேயே சேர்த்துவிடும்போதுதான் அடி விழுகிறது. 80,000 ரூபாய் பிரீமியத்தை 8% வட்டியில் 20 வருடக் கடனில் சேர்த்தால், முடிவில் நீங்கள் கட்டியிருப்பது சுமார் 1,60,000 ரூபாய். தனியாக ஒரு டேர்ம் பாலிசி எடுத்தால் எவ்வளவு ஆகும் என்று விசாரித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். வங்கிக்கு நேரில் போனாலும் இந்தப் பேச்சு வரும்.

'கொஞ்சம் கூட்டிக் காட்டிடலாம்': தகுதி போதவில்லை என்றால் வருமானத்தை ஏற்றி ரிட்டர்ன் போடலாம், சம்பளச் சீட்டைச் சரிசெய்யலாம் என்று சொல்லும் ஆளிடமிருந்து உடனே விலகிவிடுங்கள். விண்ணப்பத்தில் இருப்பது உங்கள் கையெழுத்து. மாட்டினால் மோசடி வழக்கு உங்கள் மீதுதான் வரும். மாட்டாவிட்டாலும், இல்லாத வருமானத்தை நம்பி வாங்கிய கடனின் தவணையை இருக்கிற வருமானத்தில்தான் கட்ட வேண்டும்.

ரொக்கம், ஓ.டி.பி, வெற்றுக் கையெழுத்து: 'ஃபைல் சார்ஜ்', 'லீகல் சார்ஜ்' என்று ஏஜென்ட் கையில் ரொக்கம் கொடுக்கக் கூடாது. வங்கிக்குச் சேர வேண்டிய கட்டணம் வங்கியின் கணக்குக்கே போகட்டும், ரசீது வரட்டும். நிரப்பாத படிவத்திலும் நிரப்பாத செக்கிலும் கையெழுத்து வேண்டாம். போனுக்கு வரும் ஓ.டி.பி-யை யாருக்கும் சொல்ல வேண்டாம். கொடுக்கும் ஜெராக்ஸ் ஒவ்வொன்றிலும் 'வீட்டுக் கடன் விண்ணப்பத்துக்கு மட்டும்' என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். அசல் பத்திரத்தை ஏஜென்ட்டிடம் கொடுக்காதீர்கள். வங்கியில் நேரில் ஒப்படைத்து, என்னென்ன கொடுத்தோம் என்று பட்டியல் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆன்லைன் ஏஜென்ட் எப்படி?

பல வங்கிகளின் கடன்களை ஒரே திரையில் காட்டும் இணையதளங்களும் செயலிகளும் ஒரு வகையில் ஏஜென்ட்கள்தான். இவற்றுக்கு ரிசர்வ் வங்கி 2025-ல் புதிய விதி கொண்டுவந்தது. பல நிறுவனங்களோடு ஒப்பந்தம் வைத்திருக்கும் தளம், உங்களுக்குப் பொருந்தும் எல்லாக் கடன்களையும் பாரபட்சமில்லாமல் காட்ட வேண்டும். தொகை, தவணை, மொத்த ஆண்டுச் செலவு விகிதம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். 2025 நவம்பர் 1 முதல் இது அமலுக்கு வந்திருக்கிறது.

வாங்குவதற்கு இல்லையென்றாலும், வட்டி நிலவரத்தைத் தெரிந்துகொள்ள இந்தத் தளங்கள் பயன்படும். போன் நம்பரைக் கொடுத்த அடுத்த நிமிடத்திலிருந்து அழைப்புகள் குவியும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஒரு தாள்

ஏஜென்ட்டா, நேரடியா என்ற கேள்விக்குப் பதில் தருவதற்கென்றே வந்தது போல ஒரு தாள் இருக்கிறது. அதன் பெயர் 'கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்'. கடனின் முக்கிய விவரங்கள் அடங்கிய அறிக்கை. 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்கு வழங்கப்படும் புதிய கடன்களுக்கு இதைத் தருவது கட்டாயம். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். எனவே தமிழில் கேட்டு வாங்கலாம். தந்த பிறகு யோசித்து முடிவு சொல்ல, குறைந்தது மூன்று வேலை நாட்கள் அவகாசம் இருக்க வேண்டும்.

அதில் பார்க்க வேண்டிய எண் 'ஏ.பி.ஆர்'. வட்டியோடு பிராசஸிங் ஃபீஸ், வக்கீல் கட்டணம், வங்கி மூலம் பிடிக்கும் இன்ஷூரன்ஸ் பிரீமியம் எல்லாவற்றையும் சேர்த்து, ஆண்டுக்கு உண்மையில் எத்தனை சதவிகிதம் ஆகிறது என்று இது சொல்லும். விளம்பரத்தில் 8% என்று இருக்கும். 40 லட்சத்துக்கு அரை சதவிகிதம் பிராசஸிங் ஃபீஸ் என்றால் 20,000 ரூபாய், அதற்கு 18% ஜி.எஸ்.டி சேர்த்து 23,600 ரூபாய். இன்ஷூரன்ஸும் சேர்ந்தால் ஏ.பி.ஆர் இன்னும் ஏறும். இந்தத் தாளில் சொல்லாத எந்தக் கட்டணத்தையும், உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பின்னால் வசூலிக்க முடியாது.

ஆகவே, செய்ய வேண்டியது இதுதான். உங்கள் வங்கியில் நேரடியாக ஒரு தாள் வாங்குங்கள். ஏஜென்ட் சொல்லும் நிறுவனத்திடமிருந்து இன்னொரு தாள் வாங்குங்கள். இரண்டையும் சாப்பாட்டு மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து பாருங்கள். ஏ.பி.ஆர் எது குறைவு? வட்டி எதோடு இணைந்திருக்கிறது? ரெப்போவுக்கு மேல் எத்தனை சதவிகிதம் வைத்திருக்கிறார்கள்? இன்ஷூரன்ஸ் இருக்கிறதா? பதில் அங்கேயே கிடைத்துவிடும். ஆனால், இரண்டுக்கு மேல் விண்ணப்பங்களைப் பெருக்க வேண்டாம். மற்ற வங்கிகளில் வாய்மொழியாக விசாரித்து, தேறும் இரண்டில் மட்டும் எழுத்தில் கேளுங்கள்.

யாருக்கு எது சரி?

மாதச் சம்பளம், நல்ல ஸ்கோர், தெளிவான பத்திரம் இருப்பவர்கள் நேரடியாகப் போகலாம். நான்கு நடை கூடுதலாக நடந்தாலும் நஷ்டமில்லை. சொந்தத் தொழில் செய்பவர்கள், முன்பு ஒரு முறை கடன் மறுக்கப்பட்டவர்கள், வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருந்துகொண்டு சொந்த ஊரில் வாங்குபவர்களுக்கு அனுபவமுள்ள ஏஜென்ட் பெரிய துணை. அவர்களும் தங்கள் வங்கியில் ஒரு முறை கேட்டுவிட்டு ஏஜென்ட்டிடம் போகலாம்.

ஏஜென்ட்டை வைத்துக்கொள்வதாக முடிவு செய்தால் முதல் சந்திப்பிலேயே நான்கு கேள்விகள் கேளுங்கள். எந்தெந்த நிறுவனங்களோடு உங்களுக்கு ஒப்பந்தம்? அங்கீகாரக் கடிதத்தைக் காட்ட முடியுமா? என்னுடைய விண்ணப்பத்தை முதலில் எங்கே போடப்போகிறீர்கள், ஏன்? கடன் வந்த பிறகு ஏதாவது பிரச்னை என்றால் நான் வங்கியில் யாரைப் பார்க்க வேண்டும்? நல்ல ஏஜென்ட் இதற்குக் கோபப்பட மாட்டார். அவர் சொல்லும் பெயரை வங்கிக் கிளையில் ஒரு முறை விசாரித்துக்கொள்வதும் நல்லது.

யார் மூலம் போனாலும் ஒரு வேலையை மட்டும் நாமே செய்ய வேண்டும். விற்பனை ஒப்பந்தம் போடுவதற்கு முன்பே, நம் வருமானத்துக்கு எவ்வளவு கடன் கிடைக்கும் என்று வங்கியிடம் கேட்டு எழுத்தில் வாங்கிவிட வேண்டும். 'கடன் கண்டிப்பா வந்துடும்' என்ற ஏஜென்ட்டின் வாய் வார்த்தையை நம்பி லட்சக்கணக்கில் அட்வான்ஸ் கொடுத்து, கடைசியில் வங்கி மறுத்தால், கையைச் சுட்டுக்கொள்வது நாம்தான். பத்திரத்தில் குறை என்று சொல்லி வங்கி கடன் மறுத்தால் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்.

தவறிப்போனால்?

ஏஜென்ட் செய்யும் தவறுக்கு 'அவர் எங்கள் ஊழியர் இல்லை' என்று வங்கி ஒதுங்க முடியாது. தன் ஏஜென்ட்களின் செயலுக்கு வங்கிதான் பொறுப்பு என்பது ரிசர்வ் வங்கியின் நிலைப்பாடு. முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதிலில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் புகார் செய்யலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. ஹவுசிங் ஃபைனான்ஸ் நிறுவனம் என்றால் தேசிய வீட்டுவசதி வங்கிக்கு எழுத வேண்டும்.

கடன் வாங்கிய பிறகு, அதிக வட்டிக்குச் சிக்கிவிட்டோம் என்று தெரியவந்தாலும் வழி அடைந்துவிடவில்லை. மாறும் வட்டியில் வங்கி தந்த வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைக்க அபராதம் வசூலிக்கக் கூடாது என்று 2012-லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. வட்டி குறைவான வங்கிக்குக் கடனை மாற்றிக்கொள்ளலாம். ஆனால், புது வங்கியின் பிராசஸிங் ஃபீஸ், பத்திர ஒப்படைப்புப் பதிவுச் செலவு எல்லாம் மறுபடி முளைக்கும். முதலில் தங்கள் வங்கியிடமே 'வட்டியைக் குறைக்கிறீர்களா, இல்லை மாறட்டுமா?' என்று கேட்பது புத்திசாலித்தனம்.

கடைசித் தவணை கட்டி முடித்த பிறகு, 30 நாளுக்குள் அசல் பத்திரங்களை வங்கி திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் ஒரு நாளைக்கு 5,000 ரூபாய் நஷ்டஈடு. 2023 டிசம்பர் 1 முதல் இந்த விதி இருக்கிறது. அந்த நாள் வரும்போது, பேப்பர் வாங்க வீட்டுக்கு வந்த ஏஜென்ட் வேறு தொழிலுக்குப் போயிருக்கலாம், கிளை மேனேஜர் பத்து முறை மாறியிருக்கலாம். முதல் நாள் வாங்கி வைத்த அந்தப் பட்டியலும், கீ ஃபேக்ட்ஸ் தாளும், கடன் ஒப்பந்தமும் பீரோவில் பத்திரமாக இருக்கட்டும்.